சாளரமும் சாலையும்: ஓவியர் பிஸ்ஸாரோவின் நகரக் காட்சிகள்

இயற்கை அழகு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை எவை? பச்சை வயல், ஆற்றங்கரை, மலைச்சரிவு, தோப்பு, அந்தி வானம். இந்த வரிசையில் ஒரு கடைத்தெருவுக்கு இடம் கிடைப்பதில்லை. நகரம் என்றால் புழுதி, இரைச்சல், நெரிசல், புகை. பிழைப்புக்கு வேண்டிய இடம் அது. கண்ணுக்கு விருந்தாகும் இடம் அன்று. நம்மில் பெரும்பாலோர் கேள்வி கேட்காமலேயே ஏற்றுக்கொண்ட தீர்ப்பு இது. அத்தீர்ப்பை எழுதிக் கொடுத்தவர்களுள் கவிஞர்களும் ஓவியர்களும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

இதனை மறுத்த கலைஞர்கள் பலர் உண்டு. அவர்களுள் பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸ்ஸாரோவின் மறுப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நகரத்தில் பிறந்து நகரத்திலேயே வளர்ந்த ஒருவர் நகரத்தை அழகு என்று சொன்னால், பழகிய பாசம் என்று ஒதுக்கிவிடலாம். பிஸ்ஸாரோவோ அறுபது வயதைத் தாண்டும் வரையில் பெரும்பாலும் வயலையும் தோட்டத்தையும் கிராமத்து மண்பாதையையுமே வரைந்தவர். அதன் பிறகுதான் மாநகரத்துச் சாலைகளின் பக்கம் திரும்பினார். திரும்பிய பின் வாழ்ந்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 300 நகரக் காட்சிகளைத் தீட்டி முடித்தார். முதுமையில் அந்தக் கிராமத்து ஓவியர் தம் கண்ணை மாற்றிக்கொண்டாரா? அல்லது அதே கண்ணை வேறோர் இடத்துக்குக் கொண்டு சென்றாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முட்டைக்கோஸ் வரைந்தவர்

பிஸ்ஸாரோ 1830ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் பாரிஸுக்கு அருகே ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பதினேழாம் வயதில் திரும்பி வந்து, தந்தையின் வணிகத்துக்குத் துணையாகத் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்தார். கணக்கு ஏட்டைவிடக் கப்பல்துறையின் காட்சிகளே அவரை இழுத்தன. 1852இல் ஓர் ஓவிய நண்பருடன் வெனிசுவேலாவுக்குச் சென்றார். 1855இல் பாரிஸுக்குப் போனவர், தீவுக்கு மீண்டும் திரும்பவே இல்லை.

பிரான்சில் அவர் தேடியது பாரிஸின் ஒளிவிளக்குகளை அன்று. அதன் சுற்றுப்புறத்துக் கிராமங்களை. பொந்துவாஸ் என்னும் ஊரில் 1872 முதல் 1882 வரை வாழ்ந்தார். 1884இல் எராக்னி என்னும் சிற்றூரில் குடியேறி, இறக்கும் வரை அதையே தம் இல்லமாகக் கொண்டார். 1874 முதல் 1886 வரை நடைபெற்ற இம்ப்ரஷனிஸ்டு ஓவியர்களின் எட்டுக் கண்காட்சிகளிலும் தவறாமல் பங்குகொண்டவர் அவர் ஒருவரே. ஒளி ஒரு பொருளின் மீது அந்தக் கணத்தில் எப்படி விழுகிறதோ, கண் அதை எப்படி உணர்கிறதோ, அப்படியே தீட்ட வேண்டும் என்பது அந்தக் குழுவினரின் கொள்கை. செசான் போன்ற பெருங்கலைஞரே தம் முதுமையில் தம்மைப் பிஸ்ஸாரோவின் மாணவர் என்று அறிவித்துக்கொண்டார் என்றால், பிஸ்ஸாரோவின் இடம் எத்தகையது என்பது விளங்கும்.

முதற் கண்காட்சியில் அவருடைய படங்களுக்குக் கிடைத்த வரவேற்பு நம் விவாதத்துக்கு மிகவும் உதவும். உறைபனி படிந்த உழுநிலத்தை அவர் வரைந்திருந்தார். வண்ணப் பலகையைச் சுரண்டி அழுக்குத் துணியில் அப்பியது போலிருக்கிறது என்ற பொருள்பட ஒருவர் நகையாடினார். காஸ்தாக்னரி என்ற விமர்சகர் இவர்களிடம் அனுதாபம் கொண்டவர்தாம். ஆனால் அவரும் பிஸ்ஸாரோவின் ஒரு குறையைச் சுட்டாமல் விடவில்லை: இந்த மனிதருக்குக் காய்கறித் தோட்டத்தின் மீது வருந்தத்தக்க மோகம், முட்டைக்கோஸை வரையவும் தயங்குவதில்லை!

அக்காலத்து நிலக்காட்சி ஓவியத்திலும் உயர்குடி, தாழ்குடி என்ற பாகுபாடு இருந்தது. பழைய கோட்டை, அருவி, ஓங்கிய ஓக் மரம் ஆகியவை உயர்குடி. முட்டைக்கோஸ், எருக்குவியல், உருளைக்கிழங்கு தோண்டும் பெண் ஆகியோர் தாழ்குடி. பிஸ்ஸாரோ இந்தச் சாதிப் பிரிவினையை ஏற்கவில்லை. சூரியன் கோட்டையின் மீதும் கோஸின் மீதும் ஒரே வெளிச்சத்தைத்தான் வீசுகிறது. ஓவியனும் அவ்வாறே செய்ய வேண்டும் என்பதைச் சொற்பொழிவு ஆற்றாமல் வண்ணத்தில் மெய்ப்பித்தார். பின்னாளில் அவர் நகரத்துச் சாலையில் அழகு கண்டதை ஒரு மனமாற்றம் என்று சிலர் கருதுகின்றனர். என் கருத்தில், கோஸ் வயலில் கற்ற பாடத்தையே அவர் கற்சாலையிலும் ஒப்பித்தார்.

கண் நோயும் கண் திறப்பும்

அவர் நகரத்துக்கு வந்ததன் காரணங்களை மறைக்க வேண்டியதில்லை. முதற் காரணம் கண் நோய். கண்ணீர்ப் பையில் ஏற்பட்ட நாட்பட்ட அழற்சி முதுமையில் அவரை விடாமல் துன்புறுத்தியது. காற்றும் தூசியும் பட்டால் கண் வீங்கிவிடும். திறந்த வெளியில் நின்று வரைவதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு இதனினும் கொடிய தண்டனை ஏது? மூடிய சாளரத்தின் பின்னே அமர்ந்து வரைய வேண்டிய நிலை வந்தது. இரண்டாவது காரணம் பணம். பெரிய குடும்பம், நெடுங்காலக் கடன். எராக்னி வீட்டை வாங்குவதற்கே 1892இல் நண்பர் மோனேயிடம் கடன் பெற்றார். பாரிஸ் சாலைகளை வரிசையாக வரையும் எண்ணத்தை ஓவிய வணிகர் துரான்-ருயெல் வரவேற்று ஊக்கினார்.

நோயும் கடனும் கூட்டி வந்து சாளரத்தின் முன் உட்கார வைத்தன. ஆனால் உட்கார்ந்த பிறகு கண்டது என்ன என்பதே கலைஞனை மதிப்பிடும் இடம்.

1896இல் அவர் ரூவான் நகருக்குச் சென்றார். முந்திய ஆண்டில்தான் மோனே, அதே நகரத்துப் புகழ்பெற்ற பேராலயத்தின் முகப்பை ஒளியின் வெவ்வேறு நிலைகளில் வரைந்த 20 படங்களைப் பாரிஸில் காட்சிக்கு வைத்திருந்தார். பிஸ்ஸாரோ அவற்றைப் பார்த்து மனமாரப் போற்றினார். ஆயினும் ரூவானில் தம் சாளரத்தை அவர் திறந்தது வேறு திசையில். செய்ன் ஆற்றின் மீது அண்மையில் கட்டப்பட்டிருந்த இரும்புப் பாலம், மழையில் அதன் மீது நெருக்கியடித்துச் செல்லும் வண்டிகள், மனிதர்கள், சரக்கு இறக்கும் படகுத்துறை, எதிர்க்கரையில் ஆலைப் புகைபோக்கிகள் ஆகியவையே அவருடைய பாடுபொருள்கள். ஆலைப் புகை வானத்து மேகத்தோடு கலந்து, எது புகை, எது மேகம் என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகிறது. மோனே எழுநூறு ஆண்டுப் புகழுடைய கல்லுக்கு ஒளியூட்டினார். பிஸ்ஸாரோ எட்டே ஆண்டு வயதுடைய இரும்புக்கு ஒளியூட்டினார். இருவரும் பெரியவர்களே. ஆனால் அழகு என்று யாருமே சொல்லாத ஒன்றிடம் அழகைக் கண்டு சொல்வதற்கு வேறுவகைத் துணிவு வேண்டும்.

ஒரே சாலை, பல வானிலைகள்

1897 பிப்ரவரியில் அவர் பாரிஸின் ஒரு ஹோட்டலில் அறை எடுத்தார். அதன் சாளரத்திலிருந்து பூல்வார் மோன்மார்த்ர் என்னும் அகன்ற சாலை தொலைவில் புள்ளியாய் மறையும் வரை தெரியும். இரு பக்கமும் ஆறேழு மாடிக் கட்டடங்கள், இரு வரிசை மரங்கள், நடுவே குதிரை வண்டிகளின் ஓட்டம். 1853 முதல் 1870 வரை பாரிஸின் நிர்வாகத் தலைவராக இருந்த ஓஸ்மான், பழைய சந்துகளை இடித்துவிட்டு அமைத்த புதிய நகரத்தின் சாயலே எங்கும். நேர்கோட்டில் சாலை, ஒரே அளவில் கட்டடம், ஒரே நிறத்தில் கல். கலைஞர்கள் பலர் இந்த ஒருமையைச் சலிப்பூட்டுவது என்று வெறுத்தார்கள். பிஸ்ஸாரோ ஏப்ரல் வரை அந்த அறையில் தங்கி, இந்த ஒரே சாலையை 14 முறை வரைந்தார்.

சாலை ஒன்றே, ஆனால் எந்தப் படமும் மற்றொன்றைப் போலில்லை. குளிர்காலக் காலை ஒன்றில், கட்டடங்களின் கல் சாம்பலும் வெளிர் ஊதாவுமாக நனைந்து கிடக்கிறது. இலையுதிர்ந்த மரக்கிளைகள் புகைபோல் மெலிந்து நிற்கின்றன. வசந்தக் காலையில் அதே மரங்களில் இளம்பச்சைத் துளிகள். அதே கல்லில் இளமஞ்சள். திருவிழா நாளின் பிற்பகலில் ஊர்வலமும் கூட்டமும் சாலையை நிரப்பி, மரங்களில் வண்ணக் காகித நாடாக்கள் பூத்தாற்போல் தொங்குகின்றன. நகரத்துச் சுவர் மாறாதது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரு கிராமத்தான் தன் வயலைப் பார்ப்பது போல் நாள்தோறும் பார்த்தவருக்கு அந்தச் சுவரிலும் பருவங்கள் தெரிந்தன.

இந்த வரிசையில் ஒரே ஒரு படம்தான் இரவைக் காட்டுவது. இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அடர்நீல வானம். மழையில் நனைந்த சாலை ஒரு கண்ணாடி. சாலையின் நடுவே வரிசையாகச் செல்லும் விளக்குகள் குளிர்ந்த வெண்மையில் எரிகின்றன. கடைகளின் முகப்பிலிருந்து வழியும் வெளிச்சம் பொன்மஞ்சள். ஒரு பக்கம் காத்து நிற்கும் வாடகை வண்டிகளின் விளக்குகள் சிறுசிறு பொட்டுகளாக மின்னுகின்றன. அருகே சென்று பார்த்தால் வண்டியும் இல்லை, மனிதரும் இல்லை. தூரிகையின் அவசரத் தீற்றல்கள் மட்டுமே. சில அடி பின்வாங்கினால் ஒரு மாநகரத்தின் இரவு முழுவதும் எழுந்து நிற்கிறது. வியப்பு என்னவென்றால், இந்தப் படத்தில் அவர் கையொப்பமிடவில்லை. தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவும் இல்லை. இன்று அந்த வரிசையில் பலரும் முதலில் நினைவுகூர்வது இதையே.

இப்படங்களின் வண்ணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிழலைக் கறுப்பால் நிரப்பும் பழைய வழக்கம் இங்கே இல்லை. நிழல் நீலமாகவும் ஊதாவாகவும் விழுகிறது. சேற்றுச் சாலை என்று நாம் சொல்வது, இளஞ்சிவப்பும் சாம்பலும் பழுப்பும் சிறுசிறு தீற்றல்களாக நெய்யப்பட்ட துணி போல் தோன்றுகிறது. 1886 முதல் சில ஆண்டுகள் அவர் இளைஞர் ஸ்யூராவின் வழியைப் பின்பற்றி, வண்ணங்களைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்து பார்த்தார். அம்முறை தம் கையின் வேகத்துக்கும் உணர்ச்சிக்கும் ஒவ்வாதது என்று கண்டு விட்டுவிட்டார். விட்ட பயிற்சி வீண் போகவில்லை. நூற்றுக்கணக்கான மனிதர்கள் நகரும் சாலையைத் தீட்டும் வேளையில், அந்தச் சிறு தீற்றல் அவருக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு மனிதனும் ஒரு தீற்றல். கூட்டம் என்பது காற்றில் அசையும் இலைகளின் அசைவு.

ஆகவே, முதலில் எழுப்பிய கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. அவர் சாலையை ஆறாகப் பார்த்தார். கூரைகளை மேட்டு நிலமாகப் பார்த்தார். மக்கள் கூட்டத்தைப் பயிராகப் பார்த்தார். வானிலையே அவருடைய கதாநாயகன். 1897 டிசம்பரில் மகன் லூசியனுக்கு எழுதிய கடிதத்தில், வழக்கமாக அருவருப்பானவை என்று சொல்லப்படும் இந்தப் பாரிஸ் வீதிகளைத் தீட்டுவதில் தாம் மகிழ்வதாகவும், அவை வெள்ளிபோல் ஒளிர்ந்து உயிர்த்துடிப்போடு விளங்குவதாகவும் அவர் தெரிவித்தார். நிலக்காட்சி ஓவியர் ஒருவர் நகரத்தையும் ஒரு நிலமாகக் கண்டுகொண்ட மகிழ்ச்சி அது.

கறுப்பு மையில் ஒரு நகரம்

இந்த இடத்தில் ஒரு தடை எழுகிறது. எழவும் வேண்டும்.

மேல்மாடியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே அழகுதான். அந்த உயரத்தில் பசி தெரியாது, கிழிந்த உடை தெரியாது, முகம் தெரியாது. சேற்றில் ஒளியின் நிறம் பார்ப்பவர், அதில் வெறுங்காலோடு நடப்பவரைப் பார்க்கவில்லையே என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓஸ்மானின் அகன்ற சாலைகளுக்காக வீடிழந்த ஏழைகள் ஆயிரமாயிரம். அந்தக் கதையின் சுவடு எதுவும் இப்படங்களில் இல்லை.

பிஸ்ஸாரோவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1889, 1890ஆம் ஆண்டுகளில் அவர் 28 சித்திரங்கள் கொண்ட ஒரு தொகுப்பைப் பேனாவாலும் மையாலும் வரைந்து, இலண்டனில் வாழ்ந்த தம் உறவுப் பெண்களுக்கு அனுப்பினார். சமூக இழிவுகள் என்று பொருள்படும் பெயர் அதற்கு. விற்பனைக்காக வரைந்தது அன்று. அவர் வாழ்நாளில் வெளிவரவும் இல்லை. பசியால் சாகும் முதியவர், பாலத்திலிருந்து குதிக்கும் பெண், முதலாளியின் கண்காணிப்பில் குனிந்து தைக்கும் சிறுமியர், பங்குச் சந்தையில் முண்டியடிக்கும் செல்வர் என்று அதில் விரிவது வண்ணமே இல்லாத நகரம். அரசும் முதலாளியும் இல்லாத சமத்துவ சமுதாயத்தை விரும்பிய அரசியல் கொள்கையுடையவர் அவர். இளையோருக்கு உலகத்தை உள்ளபடி காட்ட எண்ணி வரைந்தார்.

ஒரே கை, ஒரே நகரம், ஏழெட்டு ஆண்டு இடைவெளி. ஒரு தொகுப்பில் நரகம். மறு வரிசையில் வெள்ளி ஒளி. எது உண்மை?

இரண்டும் என்பதே என் விடை. ஆனால் அந்த விடையோடு ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் இரண்டையும் ஒரே துணியில் கொண்டுவந்து சேர்க்கவில்லை. கறுப்பு மையைத் தனிப் பெட்டியிலும் வண்ணத்தைத் தனிப் பெட்டியிலும் வைத்துக்கொண்டார். மக்களின் துயரத்தைக் குடும்பத்தாருக்குக் காட்டினார்; நகரத்தின் அழகை வணிகருக்குக் கொடுத்தார். வாழ்க்கைச் செலவுக்குப் படம் விற்க வேண்டியவர் என்பதை நினைத்தால் அவரைக் குற்றம் சாட்ட மனம் வரவில்லை. ஆயினும் அவருடைய நகர ஓவியங்களின் எல்லை இதுதான் என்பதைக் குறிக்காமல் விட்டால் விமர்சனம் புகழுரையாகிவிடும்.

வெறுப்பு நிறைந்த ஓர் ஆண்டு

அந்த எல்லை கடுமையாகச் சோதிக்கப்பட்ட ஆண்டு 1898.

அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் வேறொரு ஹோட்டலின் சாளரத்தில் அமர்ந்து ஓப்பரா அவென்யூவையும் அதன் முன்னிருந்த சதுக்கத்தையும் வரைந்துகொண்டிருந்தார். அப்போது பிரான்ஸ் முழுவதையும் இரண்டாகப் பிளந்த வழக்கு ஒன்று கொழுந்துவிட்டு எரிந்தது. டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, அயல்நாட்டுக்கு இரகசியங்களை விற்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு 1894இல் தண்டிக்கப்பட்டிருந்தார். 1898 ஜனவரி 13இல் நாவலாசிரியர் எமில் ஸோலா, அரசையும் இராணுவத்தையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டி ஒரு நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து யூதர்களுக்கு எதிரான கூச்சல் தெருக்களை நிறைத்தது. பிஸ்ஸாரோ ஸோலாவின் துணிவைப் பாராட்டி அவருக்குக் கடிதம் எழுதினார். அதன் விலையையும் செலுத்தினார். பல்லாண்டுக் காலம் தோள் உரசி நின்ற தெகா அவரோடு உறவை முறித்தார். ரெனுவாரும் முகம் திருப்பிக்கொண்டார்.

அதே ஆண்டில் ஒருநாள் மாலை, வணிகர் துரான்-ருயெலின் கடைக்கு நடந்து சென்றுகொண்டிருந்த அவர், யூதர்களுக்குச் சாவு என்று கூவிச் சென்ற ஒரு கும்பலின் நடுவே அகப்பட்டார். நீண்ட வெண்தாடியுடைய அந்த முதியவர் அமைதியாகக் கும்பலுக்குள்ளேயே நடந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் தம்மை யூதர் என்று அடையாளம்கூடக் கண்டுகொள்ளவில்லை என்று மகனுக்கு எழுதினார். நாட்டில் நிலைமை கடுமையாக இருந்தபோதிலும், ஒன்றும் நடவாதது போல் தாம் சாளரத்தில் அமர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்றும் மற்றொரு கடிதத்தில் குறிப்பிட்டார்.

இந்தச் செய்தியை அறிந்த பின் அவ்வாண்டுப் படங்களைப் பார்த்தால், அவை வேறு படங்களாகிவிடுகின்றன. 1898இல் வரைந்த சதுக்கக் காட்சிகளில் ஒன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வானமே இல்லை. மேலிருந்து நோக்கிய சதுக்கம் துணி முழுவதையும் நிரப்புகிறது. வண்டிகளும் மனிதர்களும் ஒருவரோடொருவர் மோதாமல், ஒருவருக்காக ஒருவர் விலகி, அவரவர் வழியில் போகிறார்கள். நடுவில் நிற்கும் தலைவன் என்று எவனும் இல்லை. ஓரத்துக்குத் தள்ளப்பட்டவன் என்றும் எவனும் இல்லை. இவர்களுள் கூச்சலிட்டவன் யார்? கூச்சலுக்கு அஞ்சி வீடு திரும்புகிறவன் யார்? சொல்ல முடியாது. முகமே இல்லாத தீற்றல்களுக்கு இனம் ஏது, குலம் ஏது?

முன்பு நாம் குறையென்று சொன்ன அதே முகமின்மை இங்கே வேறு பொருள் பெறுகிறது. தம்மைச் சாகச் சொன்ன நகரத்தை ஒருவர் பழிவாங்க நினைத்தால், அதைக் கோரமாகத் தீட்டியிருக்கலாம். கறுப்பு மை அவர் கையில்தான் இருந்தது. அவர் அந்த மக்கள் அனைவர் மீதும் அதே வெள்ளி ஒளியைப் பொழிந்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. ஸோலாவுக்கு எழுதிய கடிதத்தின் மூலம் தம் நிலையை வெளிப்படையாகக் காட்டிவிட்டவர் அவர். கடிதத்தில் நீதியின் பக்கம் நின்றார். தூரிகையில் வெறுப்பை அனுமதிக்கவில்லை. வயலில் கோஸுக்கும் கோட்டைக்கும் ஒரே ஒளி தந்தவர், சதுக்கத்தில் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே ஒளி தந்தார். முன்னது கலைக் கொள்கையாக மட்டும் இருந்தது. 1898இல் அது மனிதப் பண்பாக முதிர்ந்தது.

டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் இறுதியாக அறிவித்தது 1906இல். பிஸ்ஸாரோ அதைக் காண இருக்கவில்லை. 1903 நவம்பர் 13ஆம் நாள் பாரிஸில் காலமானார். கடைசி ஆண்டுகளிலும் அவர் பழைய பாலத்தையும் செய்ன் ஆற்றையும் லெ ஆவ்ர் துறைமுகத்தையும் சாளரங்களின் வழியே வரைந்தபடியே இருந்தார்.

மழையில் ஒரு வீதி

அவரது படம் ஒன்றின் பிற்காலக் கதையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை.

1897இல் அதே ஹோட்டல் சாளரத்திலிருந்து சேன் ஒனோரே வீதியை மழை பெய்யும் ஒரு பிற்பகலில் வரைந்தார். குடைகள், நனைந்த கல், இலையில்லா மரங்கள், ஒரு நீரூற்று, ஈரத்தில் மங்கிப்போகும் வீதி. மழையைச் சபித்துக்கொண்டு ஓடும் மனிதர்களின் காலடியில் எவ்வளவு ஒளி கிடக்கிறது என்று காட்டும் படம். அது ஜெர்மனியின் காசிரர் என்ற யூதக் குடும்பத்தின் வீட்டுச் சுவரை அடைந்தது. 1939இல், நாஜிகளின் ஆட்சியிலிருந்து உயிர் தப்பி வெளியேற அனுமதி பெறுவதற்காக, லில்லி காசிரர் என்னும் மூதாட்டி அந்தப் படத்தைக் கொடுத்துவிட நேர்ந்தது. விலையென்று குறிக்கப்பட்ட 900 மார்க்கும் அவர் எடுக்க முடியாதபடி முடக்கப்பட்ட கணக்கில் போடப்பட்டது. பல கைகள் மாறிய படம், இன்று ஸ்பெயினின் மட்ரிட் நகரில் தைஸ்ஸன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை மீட்க அம்மூதாட்டியின் பேரர் 2005இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். அவர் 2010இல் இறந்த பின்பும் குடும்பத்தார் வழக்கைத் தொடர்ந்தனர். 2025 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைக் கீழ் நீதிமன்றத்தின் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது.

ஓவியர் தம் காலத்துத் தெருவில் கேட்ட கூச்சல் நாற்பதாண்டுகளில் வேறொரு நாட்டில் அரசாணையாகி, அவர் படத்தையே தேடி வந்து பறித்தது. அழகான படம் அநீதியைத் தடுத்து நிறுத்தும் என்று யாரேனும் நம்பினால், இந்த வரலாறு அந்த நம்பிக்கையைக் கலைத்துவிடும். பிஸ்ஸாரோவே அப்படி நம்பவில்லை. நம்பியிருந்தால் அந்தக் கறுப்புத் தொகுப்பை வரைந்திருக்க மாட்டார்.

பின் இப்படங்களால் பயன் என்ன? நாம் அன்றாடம் நடக்கும் தெரு, நின்று பார்க்கத் தகுந்தது என்பதை இவை நமக்குக் கற்பிக்கின்றன. தெரு அழகானது என்று கண்டவனுக்கு, அந்தத் தெருவில் நடக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் இடம் உண்டு என்பதும் மெல்ல விளங்கும். அந்த இடத்தைக் காத்துத் தருவது ஓவியத்தின் வேலையன்று. அது தெருவில் நடக்கும் நம் எல்லோருடைய வேலை. அந்த இடம் எவ்வளவு விரிந்தது, எவ்வளவு ஒளி நிறைந்தது என்று காட்டுவதோடு ஓவியரின் கடமை முடிகிறது. நோயுற்ற கண்ணோடு, மூடிய சாளரத்தின் பின்னால் அமர்ந்து, பிஸ்ஸாரோ அந்தக் கடமையைக் குறைவறச் செய்து முடித்தார்.